தாய்மாமன் விரதம்

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் புது மெத்தை வாங்கினால் அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மாட்டார்கள். படுத்தால் சரசரக்கும், முதுகில் ஒட்டும். ஆனாலும் உறை இருக்கும்வரை மெத்தை புதுசு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது ஏன் அத்தனை பெரிய காரியம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது.

எனக்கு அப்போது பத்து வயது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அப்பா வேலையிடத்தில் லோரி மேலிருந்து விழுந்து, முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. வலித்தால்தானே நாம் தூக்கத்தில் புரண்டு படுக்கிறோம்? அவருக்குப் புரளத் தெரியாது. அம்மாதான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழுந்து அவரைத் திருப்பிப் போடுவாள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. குதிகால் படுக்கையில் படாமல் இன்னொன்று. ஆரம்பத்தில் இதெல்லாம் தெரியாமல் இடுப்பில் புண் வந்து, எலும்பு வரை போய், நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு புண் வந்தால் ஆள் தாங்காது என்று டாக்டர் சொன்னதை நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கிள்ளானில் இருந்த அத்தையின் மகள் வயதுக்கு வந்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. தாய்மாமன் மாலை போடாமல் சடங்கு ஏது? ஆனால் என் தம்பிக்கு இரண்டு வயது, நல்ல காய்ச்சல். அம்மாவால் நகர முடியாது. என்னைத்தான் அனுப்பினாள்.

அம்மாவிடம் இரண்டு நாள் பாடம் நடந்தது. அப்பா நல்ல கறுப்பு, சிவந்தால் கண்ணுக்குத் தெரியாது. புறங்கையை வைத்துச் சூடு பார். சுட்டால் அந்தப் பக்கம் படுக்க வைக்காதே. விரிப்பில் சுருக்கம் கூடாது, ஈரம் கூடவே கூடாது. தண்ணீர் நிறையக் கொடு. மூத்திரம் போக ஒரு ரப்பர் குழாயும் கீழே ஒரு போத்தலும் உண்டு. குழாய் நழுவாமல் பார். சில நாள் அது நழுவி, படுக்கை நனைந்துவிடும். அம்மா எழுந்து துணியை மாற்றுவாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் ஏறியதில்லை. இது ஏறியது.

டாக்சியில் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம், நல்ல வெயில். அத்தை தன் தம்பிக்கென்று புது மெத்தை வாங்கிப் போட்டிருந்தாள். மாமாவும் இன்னொருவரும் அப்பாவைத் தூக்கிப் படுக்க வைத்தபோது விரிப்புக்கு அடியில் சரசரவென்று சத்தம் வந்தது. அப்பா கையால் விரிப்பைத் தடவிப் பார்த்தார்.

முதல் அலாரம் அடித்ததும் கையை விட்டுப் பார்த்தேன். முதுகெல்லாம் வேர்வை. நாங்கள் கொண்டுபோன பருத்தித் துணியை மடித்துப் போட்டேன். அடுத்த அலாரத்துக்குள் அதுவும் நனைந்துவிட்டது. இடுப்பெலும்பின் மேல் புறங்கையை வைத்தேன். சுட்டது.

அப்பாவிடம் சொன்னேன். ஒரு நாள்தானே, விடு என்றார். போன தடவையும் அது ஒரு நாளில்தான் ஆரம்பித்தது.

சமையல்கட்டில் நாலைந்து பெண்கள் பலகாரம் செய்துகொண்டிருந்தார்கள். மெத்தையின் பிளாஸ்டிக்கை எடுக்கலாமா, அப்பாவுக்கு வேர்க்கிறது என்று கேட்டேன். அத்தை தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"இருக்கட்டும்மா. புது மெத்தை."

பக்கத்தில் இருந்த ஆன்டி தணிந்த குரலில், "அதுக்குத்தானே விட்டு வச்சிருக்கு," என்றாள். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மெத்தை புதுசாகவே இருக்க வேண்டுமாம், அதற்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். என்ன கஞ்சத்தனம் என்று கோபம் வந்தது. பூக்கட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன்.

அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுக்க, நான் அடித்துணியைப் பிடித்து இழுக்க, அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். விரிப்பை விலக்கி வெட்டினேன். பிறகு இந்தப் பக்கம் திருப்பி மீதியை உருவினேன். கிழிகிற சத்தம் வீடெல்லாம் கேட்டிருக்கும். அத்தை வந்து நின்றாள், கையெல்லாம் தேங்காய்ப்பூ.

"கிழிச்சிட்டியா?"

"நான்தான் கிழிக்கச் சொன்னேன்க்கா," என்றார் அப்பா. "மெத்தைக்கு ஒன்னும் ஆகாது. நான் பாத்துக்கறேன்."

அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அப்பா தொடவில்லை. தண்ணீரும் வேண்டாம் என்றார். அம்மா சொன்னதைச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நாளைக்கு மாலை போடணும்லா," என்றார். "தாய்மாமன் விரதம் இருக்கணும்மா."

விடிகிறவரை அலாரம் தவறாமல் திருப்பிப் போட்டேன். காலையில் இடுப்பு குளிர்ந்திருந்தது. எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மாலை போட்டார். உதடு வெடித்திருந்தது. யாரோ ஆரஞ்சுத் தண்ணி நீட்டியபோது, அவர் வாயைத் திறக்குமுன் நான் சபை கேட்கச் சொன்னேன், அப்பா விரதம் என்று. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகளை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அம்மா முதல் வேலையாக அவரைத் திருப்பி, கையை வைத்துப் பார்த்தாள். தோல் முழுசாக இருந்தது. என் தலையைத் தடவினாள். பிறகு போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான், பால் விடாத தே-ஓ நிறத்தில்.

"தண்ணி குடிக்கலியா?"

"தாய்மாமன் விரதம்மா," என்றேன் நான்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் தண்ணீர் மொண்டுவந்து, அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

அப்பா காலமாகிப் பல வருஷம் கழித்து என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். முதல் நாளே தம்பியைக் கூப்பிட்டு, ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காலையில் சோர்ந்துபோய் வந்து நின்றான்.

"எந்த ஊரு விரதம்க்கா இது? எல்லாரும் சிரிக்கிறாங்க."

"ஏன்டா, அப்பா கிள்ளான்ல அத்தை வீட்டு மெத்தையில..." என்று ஆரம்பித்தவளுக்கு, கிழித்த உறையும், 'நான் பாத்துக்கறேன்' என்று அவர் சொன்னதும், போத்தலின் அடியில் கிடந்த அந்தக் கொஞ்சமும் அப்போதுதான் ஒன்று சேர்ந்தன.

"என்னக்கா?"

"போடா. போய் மொதல்ல தண்ணியக் குடி."