முனியாண்டிக்குப் போட்ட இலை

தொண்ணூறு வயதில் வலைப்பதிவு எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். நியாலாஸ் பக்கத்துத் தோட்டக் கோயில்களுக்கு வழி கேட்டு நாலைந்து பேர் எழுதிவிட்டீர்கள். நான் அங்கே போனது ஒரே முறை, ஐம்பதுகளில், மலாயாவின் அவசரகாலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவும் நானாகப் போகவில்லை. ஒரு வெள்ளைக்காரன் இழுத்துக்கொண்டு போனான்.

ஹென்றி மலாக்கா பட்டணத்தில் பள்ளிக்கூட வாத்தியார். வந்து எட்டு மாதம்தான். மாலையில் நான் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். திடீரென்று மாட்டிறைச்சியை விட்டான், திருநீறு பூசினான், விடியுமுன் எழுந்து குளித்தான். நியாலாஸ் தோட்டத்துப் பூசாரி காளியப்பனிடம் போய், முனியாண்டிக்கு ஐந்து ஞாயிறு படையல் போடுவதாக நேர்ந்தும்கொண்டான். மூன்று முடிந்ததும், "நீங்கள் வந்து பார்க்க வேண்டும், ஐயா. முனியாண்டி உண்கிறார்" என்றான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

காலை 7.15க்கு பஸ். ஜாசின் வரை அறுபது காசு. அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்து நியாலாஸ் பஸ், நாற்பது காசு. இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே இரண்டு மைல் நடை. 10.50க்குத் தோட்டத்துக் கேட்டில் நின்றோம். சுற்றிலும் முள்கம்பி வேலி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று, ஒரு பிடி சோறுகூட அந்த வேலியைத் தாண்டக் கூடாது. மீறினால் ஜெயில். முனியாண்டி கோயிலோ வேலிக்கு வெளியே, கால் மைல் தள்ளி, காட்டோரத்தில்.

காளியப்பன் சோறும் கோழிக்கறியும் கட்டி ஹென்றியின் துணிப்பையில் வைத்தார். "வெள்ளைக்காரன் பைய எவன் லா தொறந்து பாப்பான்?" என்றார் என்னிடம். "உச்சி வெயில்ல படைச்சிட்டு, அரை மணி நேரம் முதுகக் காட்டி ஒக்காந்திருங்க. திரும்பிடாதீங்க, தம்பி."

அவர் சொன்னபடியே, கேட் காவலாளி பையைத் தொடவில்லை, சல்யூட் அடித்தான்.

கோயில் என்றால் ஒரு கல், ஒரு சூலம். பன்னிரண்டு மணிக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, ஐம்பதடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் சட்டென்று நின்றன. காற்றில்லை. பின்னால் சருகு நொறுங்கியது. அப்புறம் எலும்பை உறிஞ்சும் சத்தம். ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஹென்றி கண்ணை மூடிக்கொண்டு அழுதான், சந்தோஷத்தில்.

12.40க்குத் திரும்பினோம். இலை காலி. குரங்கோ நாயோ தின்றிருந்தால் இறைந்து கிடக்கும். இதிலோ மேல்பாதி உண்டவர் பக்கமாக இழுத்து அழகாக மடிக்கப்பட்டிருந்தது. முனியாண்டி எதற்கு இலையை மடிக்கப் போகிறார்? சாப்பிட்டு எழும் தமிழனின் கைதான் தன்னால் மடிக்கும். அவன் இன்னும் பக்கத்தில் நின்று எங்களைப் பார்க்கிறான் என்று தோன்றியது.

"புதன்கிழமை போலீஸ் அதிகாரி வீட்டில் விருந்து. இந்த அதிசயத்தை அங்கே சொல்வேன்" என்றான் ஹென்றி.

கேட்டுக்குள் போனதும் காளியப்பனைத் தனியே இழுத்தேன். "யாருண்ணே அது?"

"எம் மவன். போன வருசம் காட்டுக்குப் போயிட்டான்." கையைப் பிடித்துக்கொண்டார். "துரை வாயத் தொறந்தா எங்க ரெண்டு பேத்தயும் முடிச்சிருவானுங்க, தம்பி."

திரும்பும் பஸ்ஸில் ஹென்றியிடம் மெல்லச் சொன்னேன். அவன் விரதத்தை நான் உடைப்பதுபோல இருந்தது, சொல்லாமலும் முடியவில்லை. ஜாசினில் இறங்கும்போது அவன் கேட்டான்: "அவன் மெலிந்திருப்பானா, ஐயா?"

இப்போது வேலி இல்லை, ரப்பரும் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. மலாக்காவிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போதும். காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீரும் கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் கடை கிடையாது. வழி தெரியாவிட்டால் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு மிச்சத்தை மறைத்தால் நான் மனிதனில்லை. ஐந்தாவது ஞாயிற்றுக்குக் காய்ச்சல் என்று ஹென்றிக்குச் சொல்லியனுப்பினேன். பச்சைப் பொய். பயம். புதன்கிழமை விருந்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிறு விடியுமுன் குளித்து, திருநீறு பூசி, தனியாக பஸ் ஏறி, சோற்றுப் பையோடு அந்தக் கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறான். சாப்பிடுவது சாமி இல்லை என்று தெரிந்த பிறகு. பிறந்ததிலிருந்து சாமி கும்பிட்ட நான், அந்த உச்சி வேளையில் போர்வைக்குள் படுத்துக்கிடந்தேன்.