வலை இழுக்கும் நேரத்தில் வைத்த கூட்டங்கள்

வெள்ளவத்தைக் கடற்கரையில் கட்டட வேலைக்கு மணல் அள்ள அனுமதிப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய காலை, எங்கள் ஆலோசனைச் சபையில் மீனவரின் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம். ஊரவர் கருத்தைக் கேட்டே கரையை நிர்வகிக்க வேண்டும் என்று அமைத்த சபை அது. நான் அதன் கிளாக்கர். அறிவித்தலும் கூட்டக் குறிப்பும் எழுதுவதோடு மொழிபெயர்ப்பும் என் வேலை.

கூட்டத்தைப் பத்து மணிக்குக் குறித்தவன் நான். அது மீனவர் கரையில் நின்று கூட்டமாகக் கரைவலை இழுக்கும் நேரம். வேலைக்காகக் கந்தோருக்கு வரும் ரயிலிலிருந்து அவர்கள் இழுப்பதைத் தினமும் பார்ப்பேன். ஆனாலும் பகல் சாப்பாட்டுக்கு முன் முடிந்தால் சபைத் தலைவரான வெள்ளைக்காரத் துரைக்கு வசதி. வராதவர்களுக்கு "ஆட்சேபம் இல்லை" என்று எழுதிவிடுவேன்.

அன்றும் எழுதப் போனபோது மீனவர் அங்கத்தவர் அந்தோனி இடுப்பில் ஈரச் சாரத்தோடு உள்ளே வந்தார்.

"வலை இன்னும் கடலில கிடக்குது. நான் மட்டும் ஓடி வந்தனான். ஐயா, நாங்கள் வரக்கூடாதெண்டுதானே இந்த நேரம் வைக்கிறியள்? இப்பிடித்தான் பக்கத்துக் கரையையும் மணலுக்குக் குடுத்து முடிச்சியள். வள்ளம் ஏத்த இடமில்லாமல் அந்தச் சனம் வத்தளைக்குப் போயிட்டுது."

மணல் ஒப்பந்தக்காரரான முதலாளியும் சபையில் இருந்தார். "வலை இழுக்கிற ஆளுக்குக் கூட்டம் என்னத்துக்கு?" என்று சிரித்தார்.

"உங்கட லொறி வந்தா இழுக்கிறதுக்குக் கரை இருக்காது முதலாளி!"

துரை என்னைப் பார்த்தார். ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். வலை இழுக்கும் நேரம் என்று தெரிந்தே நான் குறித்தேன் என்றும் சேர்த்தேன். துரையின் முகம் சிவந்தது. பிறகு தொப்பியை எடுத்தார். "கூட்டம் கரையில் நடக்கட்டும்" என்றார்.

கரையில் இழுப்பு முடியவில்லை. மீன் வாங்க நின்ற பிலோமினா சத்தம் போட்டாள். "துரை, சும்மா நிக்காம ஒரு கை பிடியுங்கோ! கிளாக்கர் ஐயா, நீங்களும்தான்!"

பிடித்தோம். கயிறு என் உள்ளங்கையை உரித்தது.

பிறகு வள்ளங்களின் விளிம்பில் அமர்ந்து கூட்டம் நடந்தது. மீனவர் அங்கத்தவர் ஒவ்வொருவரும் பேசினர். கை தூக்கச் சொன்னபோது முதலாளியின் பக்கம் அவர் கை மட்டுமே. அனுமதி மறுக்கப்பட்டது என்று நான் அறிவித்ததும் கரை முழுக்கக் கூவியது. துரையும் சிரித்தார்.

வத்தளைக்குப் போனவர்களை அந்த வெற்றி திருப்பிக் கொண்டுவரவில்லை. அவர்கள் போனது, ஆட்சேபம் இல்லை என்று நான் எழுதியதால்.

அடுத்த கூட்டத்துக்கு நேரம் கேட்கக் கரைக்கே போனேன். திங்கள் வேண்டாம், வெள்ளி சந்தை, பின்னேரம் வலை பின்ன வேண்டும் என்று என்னை நடுவில் நிறுத்திச் சண்டை பிடித்தார்கள். அப்படிச் சண்டை பிடித்துக் குறித்த கூட்டத்துக்கு ஒருவர்கூட வராமல் விடவில்லை. ஊரவரின் ஆலோசனை கேட்பது, கூட்ட நேரத்தைக் குறித்து அறிவித்தல் எழுதும்போதே தொடங்கிவிடுகிறது என்பதை நான் அங்கேதான் கற்றேன்.