அத்தைக்கு அளந்த ரவிக்கை

நான் அதிகம் பேசாதவள். கல்யாணமாகி வந்த புதிதில் இன்னும் மோசம். யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவேன். "சாப்பிட்டியா?" என்றாலும் ஆட்டுவேன், "இன்னும் சாப்பிடலியா?" என்றாலும் ஆட்டுவேன். கேட்டவர்களே தங்களுக்குத் தோதான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது, தையல் கற்கப் போகிறவரைக்கும்.

புகுந்த வீடு கிருமாம்பாக்கத்தை ஒட்டின ஊர். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், என் வீட்டுக்காரர், நான், இரண்டு எருமைகள். ஊர் பிரெஞ்சுக்காரர் சீமை. ஆனால் எங்கள் கரும்புக் கொல்லையின் வரப்பைத் தாண்டிக் காலை வைத்தால் இங்கிலீஷ்காரர் சீமை. எருமைகள் அந்தச் சீமையில் மேய்ந்துவிட்டு வந்து இந்தச் சீமையில் பால் கொடுத்தன. இதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை. அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

பாகூரில் ஒரு அம்மாள் இருந்தார். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் பல வருஷம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். அதனால் அந்த அம்மாள் ஊருக்கெல்லாம் சைகோன்காரம்மா. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஒருநாள் அவர் வீட்டுக் கொடியில் ஒரு மேஜைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. மூலைக்கு மூலை ரோஜாப்பூ, எல்லாம் நூலால் போட்டது. தெருவில் யாருமில்லை என்று நினைத்து, பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று துணியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் முடிச்சு, பிசிறு எதுவுமில்லாமல் ரோஜாப்பூவாகவே இருந்தது.

"முன்பக்கம் பாக்கறவங்கதான் ரொம்பப் பேரு," என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நீ இன்னாத்துக்குப் பின்னால பாக்கற? கத்துக்கணுமா?"

தலையை ஆட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. அன்று அந்த அம்மாள் வீட்டில் ஐந்தாறு பெண்கள் தைக்க உட்காருவார்கள். என் வீட்டுக்காரரும் அன்றைக்குத்தான் பாகூருக்கு வண்டி கட்டுவார். அத்தை சம்மதித்துவிட்டார். நான் வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கே அலுத்துப்போயிருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் நாள் சைகோன்காரம்மா ஒரு பிஸ்கோத்து டப்பாவைத் திறந்து காட்டினார். மெல்லிசும் பெரிசுமாக ஊசிகள். கொக்கு மூக்கு மாதிரி நீளமான, நூல் மட்டும் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல். துணி வெட்டப் பெரியது வேறு. பெரிய கத்தரியால் காகிதம் வெட்டினால் கை முட்டியில் அடி விழும். துணியை மத்தளத் தோல் மாதிரி இழுத்துப் பிடிக்க இரண்டு மர வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. கோடு போடச் சீமைச் சுண்ணாம்பு. நூல் சிக்காமல் இருக்க அதை இழுத்தெடுக்கும் தேன்மெழுகுக் கட்டி. விரல் நுனியில் மாட்டுகிற இரும்புத் தொப்பி ஒன்று இருந்தது. அதை நான் எண்ணெய் அளக்கிற கிண்ணம் என்று நினைத்து மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் எடுக்காதே, எடுத்தால் பாதி நேரம் சிக்கெடுக்கத்தான் போகும் என்றார் அந்த அம்மாள். அதைக் கேட்காமல் பெரிய நூலாக எடுத்து அந்த முதல் நாளை முழுக்கச் சிக்கெடுத்தே கழித்தேன்.

மூன்று மாதம் கந்தல் துணியில் வரிசை வரிசையாகத் தையல் போட்டேன். ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், மீன்முள் தையல். அத்தை அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கந்தல்ல இன்னா தச்சாலும் கந்தலாத்தாண்டி இருக்கும். தீவாளிக்குள்ள உருப்படியா ஒண்ணு தச்சிக் காட்டு. இல்லன்னா இந்தப் போக்குவரத்து வாணாம்."

வாரத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் நான் எருமைகளோடு சமாதானமாக இருந்தேன். உருப்படியாக எதைத் தைப்பது என்று யோசித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. அத்தை ரவிக்கை போடுகிறவர் அல்ல. அந்த வயதில் எங்கள் பக்கம் யாருமே போட்டதில்லை. ஆனால் ஒருமுறை சைகோன்காரம்மா கை வைத்த ரவிக்கையோடு தெருவில் போனதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கை மட்டும் நல்லாத்தான் கீது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்குக் கேட்டுவிட்டது.

ஆகவே அத்தைக்கு ஒரு ரவிக்கை என்று தீர்மானித்தேன். சிக்கல் அளவெடுப்பதில் இருந்தது. பழைய ரவிக்கை இருந்தால் அதை வைத்து அளக்கலாம், இவரிடம் அது இல்லை. நேரில் அளக்கலாமா என்றால், பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணைத் தையற்காரன் அளவு கேட்ட கதைக்கே, "உசுரோட கீறவள கயிறு வச்சி அளப்பாங்களா? அதெல்லாம் கடைசியாத்தான் அளக்கணும்," என்று சொன்னவர் இவர்.

அத்தை மத்தியானம் சாப்பிட்டதும் பாயில் மல்லாந்து ஒரு தூக்கம் போடுவார். நான் முன்கூட்டியே பாயின் குறுக்கே ஒரு நூல்கயிற்றைப் போட்டுவைத்தேன். அவர் அதன்மேல் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்ததும் இரண்டு முனையையும் எடுத்து மார்பின்மேல் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டேன். அத்தை "ச்சூ, எறும்பு" என்று என் விரலில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். கயிறும் அவரோடு திரும்பியது; முடிச்சை ஒட்டி வெட்டி மெதுவாக உருவிக்கொண்டேன். தோளையும் கையையும் இன்னும் இரண்டு மத்தியானங்களில் முடித்தேன். ஒவ்வொரு தடவையும் ஓர் எறும்புக்கான அடி கிடைத்தது.

என் வீட்டுக்காரர் எல்லை தாண்டிக் கடலூருக்குப் போனபோது திருப்பாப்புலியூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு அளவு நாடா வாங்கி வந்திருந்தார். முடிச்சுப் போட்ட கயிறுகளை அதன்மேல் வைத்து எண்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். மார்பு முப்பத்துநாலு. உயரம் பதின்மூன்று. கை ஐந்து. நாடாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, காகிதத்தையும் இளநீல மில் துணியையும் மட்டும் பாகூருக்கு எடுத்துப்போனேன்.

சைகோன்காரம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"முப்பத்திநாலா? கொழந்தைக்கா?"

எத்தனையோ வருஷப் பழக்கம். தலை தானாக ஆடிவிட்டது.

உடனே அந்த அம்மாள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். சைகோனில் ரவிக்கை தைப்பதென்றால் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நீளம் மட்டும் கம்மியா எழுதியிருக்க. நான் கூட்டிக்கறேன், சரியா?"

அதற்கும் ஆட்டினேன்.

துணியை நாலாக மடித்து, தன் நாடாவை வைத்துக் கோடு போட்டு, வெட்டச் சொன்னார். நாலாக மடித்த துணியில் ஆரம்பக்காரிக்கு எதுவும் தெரியாது. வெட்டி முடித்துப் பிரித்தபோதுதான் தெரிந்தது. என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துவைத்தால் மூடிவிடுகிற அளவுக்கு ஒரு சட்டை. அத்தையின் ஒரு கைகூட அதற்குள் போகாது.

வாயைத் திறந்து கேட்டிருக்கவேண்டும். ஆனால் அந்த அம்மாளின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. மஞ்சள் நூல்கண்டு ஒன்றைச் சும்மாவே என் மடியில் போட்டு, "மாருக்கு நடுவுல ஒரு கோழிக்குஞ்சு போடு. சங்கிலித் தையல்ல சுத்து, உள்ள நெருக்கமா நெரப்பு, கண்ணுக்கு ஒரு முடிச்சு," என்றார். இரண்டு வியாழக்கிழமை உட்கார்ந்து நானும் போட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் போட்டதிலேயே நல்ல பூவேலை அந்தக் கோழிக்குஞ்சுதான். பின்பக்கம்கூட ஒரு பிசிறில்லை.

சைகோன்காரம்மா நாடாவின் கோடுகளைக் கண்ணால் அளந்துவந்து வீட்டு நாடாவோடு ஒப்பிட்டபோது விஷயம் விளங்கியது. கடலூர் நாடா அங்குல நாடா. பாகூர் நாடா சென்டிமீட்டர் நாடா. இங்கிலீஷ்காரர் முப்பத்துநாலு வேறு, பிரெஞ்சுக்காரர் முப்பத்துநாலு வேறு. சட்டையை என் தையல் சாமான் வைக்கிற தகர டப்பாவின் அடியில் மறைத்தேன். மறுபடி துணி தேடலாம், தீபாவளிக்கு இன்னும் நாளிருக்கிறது என்று இருந்தேன்.

அத்தை விளக்குத் திரி வெட்டக் கத்தரி தேடி அந்த டப்பாவைத் திறந்துவிட்டார்.

"இன்னாடி இது?"

நான் தண்ணீர்க் குடமும் இடுப்புமாக நின்றேன்.

"சட்டயா?"

ஆட்டினேன்.

"இம்மாஞ்சின்னதா?"

ஆட்டினேன்.

"அப்ப..." என்று அத்தையின் பார்வை மெதுவாக என் வயிற்றுக்கு வந்தது. என் பார்வையும் கூடவே வந்து என் வயிற்றைப் பார்த்தது. அதுதான் நான் செய்த தப்பு.

"அடிப்பாவி! பொறக்கறதுக்கு மின்னாடியே சட்ட தைப்பாங்களாடி? ஒங்க ஊர்ல அதான் வழக்கமா? குத்துக்கல்லாட்டம் நிக்காத, ஒக்காரு! அந்தக் குடத்த ஆரு தூக்கச் சொன்னா ஒன்ன?" திட்டும் சந்தோஷமும் ஒரே மூச்சில் வந்தன. "எத்தினி மாசம்?"

இதற்குத் தலையாட்டினால் பதிலாகாது. தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று அத்தை முடிவுகட்டிவிட்டார்.

அன்றே சட்டம் வந்துவிட்டது. வண்டி ஏறக்கூடாது. ஊசி, கத்தரி தொடக்கூடாது. தையல் டப்பா பரண் மேல் ஏறியது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் குசுகுசுவென்று கேட்டார். "நெசமாவா?"

முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கமுடியாமல் எருமைக் கொட்டகைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"நீங்க போயி அத்தகிட்ட சொல்லுங்க."

"நானா? எங்கம்மாவத் தூங்கறப்பக் கயிறு போட்டு அளந்தவ நீ. நீயே சொல்லு."

அவருக்கு அவசரமில்லாததற்கு வேறு காரணமும் இருந்தது. நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற பெண்ணிடம் அத்தை செய்தியைச் சொல்லிவிட்டார். அவள் கூடை எந்தெந்தத் தெருவில் இறங்கியதோ அந்தந்தத் தெருவுக்கெல்லாம் நான் கர்ப்பிணி. "மவராசி வவுத்துக்கு நல்லது பெரிம்மா," என்று தினமும் கிழங்கான் மீனை மேலே இரண்டு போட்டுவிட்டுப் போனாள். நான் தின்றதுபோக மீதி என் வீட்டுக்காரர் தட்டில். எதிர்வீட்டு அக்கா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "வவுறு தெரிய ஆரம்பிச்சிட்டுதே," என்றாள். எல்லாம் கிழங்கான்.

ஒரு வியாழக்கிழமை வண்டி நான் இல்லாமல் போயிற்று. அடுத்த வியாழக்கிழமையும் போயிற்று. அன்றைக்கு அத்தை, "நாளைக்கு ஒங்க அம்மா வூட்டுக்கு ஆள் அனுப்பறேன்," என்றார். அம்மா வீட்டுக்கும் சேதி போய்விட்டால் பிறகு பிள்ளையைத்தான் எங்கேயாவது வாங்கிவரவேண்டும்.

"அத்த," என்றேன். "அந்தச் சட்ட ஒங்களுக்குத் தச்சது."

"எந்தச் சட்ட?"

"அதான்."

அத்தை சட்டையை எடுத்துவந்து தன் மார்பின்மேல் வைத்துப் பார்த்தார். கோழிக்குஞ்சு நட்டநடுவில் உட்கார்ந்தது.

"எனக்கா?"

பிறகு நான் சொன்னதுதான் என் வாழ்நாளிலேயே அதுவரை பேசிய நீளமான பேச்சு. இரண்டு நாடாவையும் சொன்னேன். பாயில் போட்ட கயிற்றையும் சொன்னேன்.

"அந்த எறும்பு நீதானா?"

"ஆமா அத்த."

"ரெண்டு முப்பத்திநாலு எப்பிடிடி இருக்கும்?"

"இங்கிலீஷ்காரன் கோடு பெருசு. பிரெஞ்சுக்காரன் கோடு சின்னது."

"அதான பாத்தேன். இவங்க சீமையில எல்லாம் சுருங்கித்தான் கீது," என்றார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கட்டைவிரலால் கோழிக்குஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப ஒண்ணுமில்ல?"

"இல்ல அத்த."

சட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "தையலும் வாணாம், கிய்யலும் வாணாம்," என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். டப்பா பரணிலேயே இருந்தது. தையல் அவ்வளவுதான் என்று அன்றைக்கு நான் அழுதது உண்மை.

காலையில் மீன்காரி வந்தாள். "மவராசி எப்பிடிக் கீது பெரிம்மா?" என்று கூடையை இறக்கினாள். எதிர்வீட்டு அக்காவும் வாசலுக்கு வந்தாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எவடி அவ மவராசி?" என்றார் அத்தை. "மாதா கோயில்ல கொழந்த ஏசு பொம்ம வைப்பாங்க இல்ல? அதுக்குச் சட்ட தைக்கச் சொல்லி சைகோன்காரம்மா எம்மருமவகிட்ட குடுத்துக்கீறா. நீங்களா இன்னாவோ நெனச்சிக்கினு தெருத்தெருவாத் தமுக்கடிச்சா நானா பொறுப்பு?"

மீன்காரி திகைத்துப்போனாள். "நீதான பெரிம்மா சொன்ன?"

"நான் சட்டயச் சொன்னேன். நீ வவுத்தச் சொன்ன."

"பொம்மைக்கு ஒரு சட்டதான? அதத் தச்சாச்சே," என்றாள் எதிர்வீட்டு அக்கா, விடாமல்.

அத்தை ஒரு வினாடி யோசித்தார். "ஒண்ணா? அங்க எத்தினி பொம்ம கீதுன்னு ஒனக்குத் தெரியுமா? வாரா வாரம் போய்த் தச்சாத்தான் ஆவும்."

சொல்லிவிட்டு உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக ஏணியை எடுத்துப் பரணில் சாத்தினார். அடுத்து வந்த வியாழக்கிழமை டப்பாவைத் துடைத்து, தெருவே பார்க்கும்படி தானே வண்டியில் கொண்டுவந்து வைத்தார். "கெளம்புடி. நீ வூட்ல இருந்தா நான் பொய்க்காரி ஆயிடுவேன்," என்று காதில் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குத் தலைவலி என்றால்கூட வியாழக்கிழமை வீட்டில் இருக்க விட்டதில்லை.

ஒன்றை மறந்துவிட்டோம். பாகூரில் இன்னும் நான் கர்ப்பிணிதான். இரண்டு வாரம் வராதவள் வந்ததைப் பார்த்ததும் சைகோன்காரம்மா ஓடிவந்து, தரையில் உட்காரவிடாமல், தன் சாய்வு நாற்காலியில் தலையணை வைத்து என்னை உட்காரவைத்தார். "வாந்தி கீந்தி இருக்கா?" என்றார். மற்றப் பெண்கள் தரையில் உட்கார்ந்து முதுகு வலிக்கத் தைத்தார்கள்.

சொல்லிவிடத்தான் போனேன். ஆனால் அந்த நாற்காலியில் வெளிச்சமும் நன்றாக விழுந்தது, ஊசியில் நூலும் ஒரே தடவையில் கோர்க்க முடிந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னேன்.