எதிரி நெருங்கினால் ஏறும் குரல்

நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். இது ஜெனிக்கு நிஜமாகவே நடந்தது. சென்னைப் பக்கம் சேலையூரில், மாடியில் ஒற்றை அறையில், பட்டப்பகலில். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று சட்டமா என்ன?

ஜெனி வீடியோ கேம்களுக்குப் பின்னணி இசை போடுகிறவள். அவளிடம் மைக் கிடையாது. ஏர்ஃபோர்ஸ் விமானங்கள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டே இருக்கும் இடத்தில் மைக் வாங்கி என்ன செய்வது? எல்லாம் கீபோர்டும் கம்ப்யூட்டரும்தான். பாட்டும் வராது. சர்ச்சில்கூட உதட்டை மட்டும் அசைப்பாள்.

அவளுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவன் டெனிஸ். கிழக்குத் தாம்பரத்தில் தன் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். பெங்களூர் கம்பெனியோடு பேசுவது அவன், இசை போடுவது அவள் என்று ஏற்பாடு. "உன் பேருதான் முதல்ல வரும் ஜெனி. நீ என் கூடப் பொறக்காத தங்கச்சி" என்பான். வாயெல்லாம் சர்க்கரை. ஜெனியின் அம்மா புஷ்பம் அவனுக்கென்று தனியாக வஞ்சிரம் வறுத்து எடுத்து வைப்பார். ஜெனி ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். விளையாட்டு முடிந்ததும் திரையில் பெயர்கள் ஓடுமே, அதில் அவள் பெயரும் ஓட வேண்டும். ஒரு வருட உழைப்பை அதற்காகக் கொட்டியிருந்தாள்.

அந்த விளையாட்டில், வெள்ளம் புகுந்த தெருக்களில் ஒரு பெண் கையில் விளக்கோடு தன் வீட்டைத் தேடிப் போவாள். இந்த மாதிரி விளையாட்டுக்கு இசையை அடுக்கடுக்காகப் போடுவார்கள். சும்மா நடந்தால் மெல்லிய இசை மட்டும் கேட்கும். எதிரி நெருங்க நெருங்க, அதன் மேல் இன்னொரு அடுக்கு தானாக ஏறும். எதிரி விலகினால் இறங்கும். ஜெனி போட்ட எதிரி அடுக்கில் ஒரு முரசு இருந்தது, பெரிய வயலின் மாதிரி அடித்தொண்டையில் முனகும் ஒரு செல்லோ இருந்தது.

குரல் இல்லை. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஒரு மழை நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெனி விளையாட்டைப் போட்டு இசையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். திரையில் தெரு காலியாக இருந்தது. எதிரியே இல்லை. ஆனால் ஏதோ ஏறியது.

ம்ம்ம்...

வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் பாடும் குரல். தாழ்ந்த குரல். மெல்ல மெல்லப் பெரிதானது. ஜெனி ஒவ்வொரு அடுக்காக அணைத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் குரல் நிற்கவில்லை. அப்போது காலிங் பெல் அடித்தது.

கீழே டெனிஸ் நின்றிருந்தான்.

அவன் வாசலிலேயே காபி குடித்துவிட்டுக் கிளம்பினான். பைக் தெருமுனை தாண்டியதும் குரல் இறங்கி அடங்கியது. ஏதோ கோளாறு என்று ஜெனி விட்டுவிட்டாள். ஆனால் அடுத்த முறையும் அப்படியே ஆயிற்று. அவன் பைக் சத்தம் காதில் விழும் முன்பே குரல் கிளம்பிவிடும். அவன் படியேற ஏற, அதுவும் ஏறும். அவன் உள்ளே வருமுன் ஜெனி ஸ்பீக்கரை அணைத்துவிடுவாள். ஒருநாள் அதைப் போனில் பதிவு செய்து அவனிடமே போட்டுக் காட்டினாள்.

டெனிஸின் முகம் சுண்டிப் போனது.

"யாரு குரல்ணா இது?"

"எனக்கு இன்னா தெரியும்... டெலீட் பண்ணிடு."

"எங்கயுமே இல்லையே. எதை டெலீட் பண்றது?"

"பண்ணிடுன்னேன்ல."

மறுவாரம் அவன், ஜெனியின் இசை மொத்தமும் இருந்த ஹார்டு டிஸ்க்கை வாங்க வந்தான். "முடிச்ச மியூசிக் மட்டும் போதாதாம்மா. முழு ப்ராஜெக்டையும் கேக்குறாங்க" என்றான். இந்தத் தொழிலில் முடித்த இசையைத்தான் கொடுப்பார்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கிடக்கும் மூலத்தை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அது யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் போட்டவர் என்று ஊர் நம்பும். ஜெனியிடம் வேறு நகலும் இல்லை. ஆனாலும் அண்ணனாயிற்றே. கொடுத்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

"ஒரு ஜெபம் பண்ணிட்டு எடுத்துக்கறேன்" என்று டெனிஸ் டிஸ்க்கின் மேல் கை வைத்தான். அம்மா முக்காடு போட்டுக்கொண்டார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. ஸ்பீக்கரும் அணைந்திருந்தது.

ம்ம்ம்...

ஜெனி கண்ணைத் திறந்தாள். டெனிஸ் திறக்கவில்லை. அவன் ஜெபம் வேகமானது. வார்த்தைகள் தடுமாறின.

குரல் ஏறியது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது...

டெனிஸ் டிஸ்க்கை இறுகப் பற்றினான்...

ஏறியது... இன்னும் ஏறியது...

"ஆமென்" என்றார் அம்மா. சட்டென்று எல்லாம் நின்றது.

"மேல பிளேன் போகுது போல" என்றார் அம்மா. டெனிஸ் டிஸ்க்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனான்.

அதன் பிறகு அவன் போனை எடுக்கவேயில்லை. விளையாட்டு வெளியானது. ஜெனி கடைசி வரை விளையாடி, பெயர்கள் ஓடும் வரை காத்திருந்தாள். இசை: டெனிஸ். அவ்வளவுதான். கூடப் பிறக்காத அண்ணன் கழுத்தை அறுத்துவிட்டான். அன்று அவளுக்குப் பேய் பயமெல்லாம் போயே போய்விட்டது. நெஞ்சு எரிந்தது. அவனுக்கு வறுத்துப் போட்ட மீனை நினைத்து அம்மா அழுதார்.

தெரிந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். இசை போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் உட்பட எல்லாவற்றையும் எழுதினாள். சிரித்தார்கள். கடைசியில் டெனிஸின் சர்ச்சுக்கே போய், பாடகர் குழுவை நடத்தும் ஞானையா சாரிடம் போனில் இருந்த பதிவைக் கொடுத்தாள். அவர் கேட்டார். போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"இது நம்ம அபிகாயில்மா. எங்க க்வயர்ல பாடின பொண்ணு. இது உங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"அவங்களை நான் பாக்கணும் சார்."

"பாக்க முடியாதும்மா. டெனிஸ்கூடச் சேர்ந்து ஏதோ கேமுக்கு மியூசிக் போட்டா. பேரு அவனோடது மட்டும்தான் வந்துச்சு. நேர்ல கேட்டுட்டு வந்துடறேன்னு ஸ்கூட்டில கிளம்பினா. ஜிஎஸ்டி ரோட்டுல லாரி..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு வருஷம் ஆயிடுச்சு."

ஜெனி அந்தப் பதிவை எடுத்தது போன ஆடியில்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் சொல்லிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன். சில மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் புது எண்ணிலிருந்து ஜெனிக்குப் போன் வந்தது.

"அக்கா, நான் வேதா. ஊரப்பாக்கம். குரூப்ல நீங்க எழுதுனதை இப்பதான் படிச்சேன். டெனிஸ் அண்ணாவுக்கு நான்தான் இப்ப மியூசிக் போட்டுத் தர்றேன். எனக்கும் அது கேக்குதுக்கா."

"நான் எழுதின அந்தப் பொண்ணு குரலா?"

"ஒரு குரல் இல்லக்கா... ரெண்டு."

வேதா போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினாள்.

ம்ம்ம்...

அடியில் தாழ்ந்த குரல். அது ஜெனிக்குப் பழகியதுதான். அதற்கு மேல் இன்னொன்று, கொஞ்சம் கீச்சென்று, சுருதி சேராமல் இழுத்தது.

அது ஜெனியின் சொந்தக் குரல்.

ஜெனி உயிரோடு இருக்கிறாள். எந்த மைக் முன்னாலும் அவள் பாடியதில்லை.

இரண்டு குரல்களும் ஏறின...

"அக்கா, பெல் அடிக்குது" என்றாள் வேதா. "டெனிஸ் அண்ணாதான். டிஸ்க் வாங்க வர்றேன்னாரு. ஒரு நிமிஷம் இருங்க, திறந்துட்டு வந்துடறேன்."

திறக்காதே என்று சொல்ல ஜெனி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

"திறக்காத."

சொன்னது அவள் குரல்தான். ஆனால் அது ஊரப்பாக்கத்தில், வேதாவின் அறைக்குள் கேட்டது.

பெல் மறுபடி அடித்தது. பிறகும் அடித்தது. ஜெனி போனைக் காதில் அழுத்திக்கொண்டு நெடுநேரம் நின்றாள். கதவு திறக்கும் சத்தம் கடைசி வரை கேட்கவில்லை.