மூக்கு நிமிர்ந்த ட்ரெய்லர்

இன்று பெற்றோல் அடிக்கப் போன இடத்தில், உயரமான பிக்கப் ஒன்றின் பின்னால் மூக்கு நிமிர்ந்தபடி ஒரு ட்ரெய்லர் நின்றது. எனக்கு எண்பத்தேழாம் ஆண்டு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது சுவிட்சர்லாந்தின் எங்கடின் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அன்று இரண்டு மணிக்குக் கூர் நகரில் என் அகதி விசாரணை. விடுமுறைக்குப் புறப்பட்ட முதலாளி வழியில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அவருடைய புதுப் பிக்கப் பழையதைவிட உயரம். வீடு மாதிரியான தன் ட்ரெய்லரின் கழுத்தை அவர் பிக்கப்பின் முதுகில் கொளுவியதும், முன்பக்கம் எழும்பிப் பின்பக்கம் நிலத்தைத் தொடப் பார்த்தது.

"பரவாயில்லை, ஏறு" என்றார் முதலாளி.

மணி ஒன்பதரை. ஏறியிருக்கலாம். ஆனால் மலைப்பாதையின் இறக்கம் கண்ணுக்குள் நின்றது. சமையலறையில் இருந்த செல்வண்ணையைக் கூப்பிட்டேன். ஊரில் லொறி திருத்தியவர்.

"பாரம் முழுக்கப் பின்சில்லிலயடா, டயர் வெடிக்கும். கொளுக்கியைப் பதிச்சு இறக்கினா ட்ரெய்லர் பிக்கப்பின்ரை விளிம்பில இடிக்கும். அச்சுக்கும் ஸ்பிரிங் வில்லுக்கும் இடையில இரும்புக்கட்டை வைச்சு ட்ரெய்லரைத்தான் உயர்த்தவேணும்."

"எவ்வளவு நேரமண்ணை?"

"மூண்டு மணித்தியாலம். உன்ரை விசாரணை?"

"நீங்கள் தொடங்குங்கோ."

கட்டையும் நீளமான போல்ட்டுகளும் பக்கத்துக் கராஜில் கிடைத்தன. ஒவ்வொரு போல்ட்டுக்கும் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்தபோது பன்னிரண்டரை.

கூரில் நாற்பது நிமிடம் பிந்திவிட்டேன். அதிகாரி காரணம் கேட்டார். எண்ணெய்க் கைகளைக் காட்டிச் சொன்னேன். அவரிடமும் ஒரு ட்ரெய்லர் இருந்ததாம். அரைமணி நேரம் நாங்கள் உயர்த்திய விதத்தைப் பற்றியே விசாரித்தார்.

ஊரில் எங்கள் வீடு எரிந்த கதைக்குப் பத்து நிமிடம்தான் மிஞ்சியது.

ஐந்து வருடம் கழித்து வதிவிட அனுமதி கிடைத்தது. எந்தக் கதையை நம்பித் தந்தார்களோ தெரியாது. உங்கள் விசாரணையில் உங்களிடம் என்னத்தைக் கேட்டவங்கள்?