கரையில் இருக்கும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகள்

என் மாமியார் காசிமேட்டில் மீன் விற்பவர். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் எதுவும் முடிந்துபோகாது. அரிசி தீர்ந்தால் "அரிசி நெறஞ்சி கீது" என்பார் அத்தை. விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார், குளிர வைக்கச் சொல்வார். படகு தாமதமானால் "இன்னும் வரலை" என்று வாயைத் திறக்க முடியாது. "வந்துகினே கீறான்" என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டில் உட்கார்ந்துதான் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தேன். அப்போது திருவொற்றியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. பயிற்சி வகுப்பில் கொடுத்த பாடமோ ஒரே இழவு. உயிர் பிரிவதற்கு பாஸ் அவே. சத்தம் அடங்குவதற்கு டை டவுன். மருந்து தீர்வதற்கு ரன் அவுட். மரத்துப்போனது விட்டுப்போவதற்கு வேர் ஆஃப். கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மறைவதற்கு ஃபேட் அவே. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை அர்த்தம் கேட்டார். புத்திகெட்டுப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"ஆம்பள கடல்ல கீறான், நீ வூட்டுல குந்திகினு இன்னா பேச்சு பேசுற?"

அதோடு மனசுக்குள் மட்டும் படித்தேன். பேச்சுத் தேர்வில், இறந்துபோன நோயாளியின் மகளாக எதிரில் ஒரு அம்மா நடித்தார். நான் அவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அன்று என் கணவர் கடலில் இருந்தார். பாஸ் வரைக்கும் வந்தது, அவே வரவில்லை. உங்கள் அப்பா ஓய்வெடுக்கிறார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். தேறவில்லை.

அத்தை மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவராகக் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகளெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. முதல் நாளே அத்தை அந்தப் பாடத்தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"இப்போ எல்லாரும் கரைலதான் கீறாங்கோ. இன்னா சொல்லணுமோ எல்லாத்தையும் சொல்லிப் பழகு. போட்டு கடலுக்குக் கெளம்பறதுக்குள்ள பரிச்சைய முடிச்சிக்கோ."

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் தினமும் சாவு. கணவர் பாயில் விறைப்பாகப் படுத்துப் பிணமாக நடித்தார். நடுநடுவே டீ கேட்டார். அத்தைதான் மகள். ஆங்கிலம் ஒரு வரி புரியாவிட்டாலும், நான் பாஸ் அவே என்றதும் சரியாக மூக்கைச் சிந்துவார். ஒருநாள் நடிப்பு நிஜமாகி, மகனின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பிவிட்டார். போதும் அத்தே என்றேன்.

"நிறுத்தாத. இன்னொரு வாட்டி சொல்லு."

அந்த வார்த்தைக்கு அவர் எவ்வளவு பயந்தவர் என்று எனக்குத் தெரியும். எனக்காக அதை வீட்டுக்குள் விட்டார். என்னைப் பெற்றவளுக்குக்கூட நான் இவ்வளவு கடமைப்பட்டதில்லை. தேர்வில் தேறியதும் நன்றி சொல்லப் போனேன். "போ, போய் வேலையப் பாரு" என்றார்.

இப்போது வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்கிறேன். சமீபத்தில் என் வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவர் மகளின் கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, தடுமாறாமல் சொன்னேன். அவள் அழுது ஓயும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அவரு கரைக்கு வந்துட்டாரா அத்தே?"

காசிமேட்டுக் காற்று போனில் இரைந்தது.

"வந்துகினே கீறான்மா."