எந்த கேமரா வாங்கலாம்?

கல்யாண வீடியோ தொழில் தொடங்க நினைத்தபோது, மாட்டுங்காவில் அதே தொழில் செய்யும் ஓர் அக்காவிடம் யோசனை கேட்கப் போனேன். தாராவியில் நடந்த என் தங்கை கல்யாணத்தை நானே எடுத்திருந்தேன். அதைக் காட்டி, “எந்த கேமரா வாங்கலாம்க்கா?” என்றேன்.

முழுவதும் பார்த்துவிட்டு, “நல்லா எடுத்திருக்கீங்க. உங்கம்மா எங்க?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா இல்லாததால் அம்மா மேடைப் பக்கமே வரவில்லை. சாப்பாட்டுப் பந்தியிலேயே நின்றுவிட்டாள். நானும் அங்கே போகவில்லை.

“கேமரா வாடகைக்குக் கிடைக்கும். மேடைக்கு வராதவங்க யாருன்னு முதல்ல விசாரிங்க” என்றார், போட்டிக்கு வரப்போகிறவனிடம்.

இப்போது எந்தக் கல்யாணத்திலும் முதலில் பந்திப் பக்கம்தான் கேமராவோடு போகிறேன். “என்னய எதுக்குப்பா எடுக்க?” என்று முகத்தை மறைக்கும் அம்மாக்கள், வீடியோ வந்ததும், “அந்த இடத்த இன்னொருக்க போடு” என்கிறார்கள். அந்த அக்காவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே போடுகிறேன்.